மூன்று முதலாளிகளும் ஒரு பின்சீட்டும்

இறங்கித் தள்ளுதல்

மவுண்ட் எமிலி மேட்டில் கார் ஏறிக்கொண்டிருக்கும்போதே கோவிந்தசாமி அண்ணன் கதவைத் திறந்து இறங்கிவிட்டார். காரை ஓட்டிக்கொண்டிருந்தவர் அவர்தான். பக்கத்து சீட்டில் இருந்த நான் பாய்ந்து ஹேண்ட் பிரேக்கை இழுத்தேன். திரும்பிப் பார்த்தால் பின்கண்ணாடியில் அவருடைய தலைப்பாகை தெரிந்தது. காரின் முதுகில் இரண்டு கைகளையும் ஊன்றி, கால்களை அகட்டி வைத்து, தள்ளிக்கொண்டிருந்தார். பிரேக் போட்டிருந்ததால் கார் அசையவில்லை. "தம்பி, நீயும் கொஞ்சம் இறங்கு. கனம் குறையட்டும்" என்றார்.

டிரைவர் வேலை பார்த்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அடுத்தவர் காரை ஓட்டுவது ஒரு வேலையே அல்ல. அந்த அடுத்தவர் ஓட்டும்போது பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறோமே, சம்பளம் அதற்குத்தான்.

அண்ணனுக்கு பஃபலோ ரோட்டில் பால் வியாபாரம். கட்டிவைத்த பால் கேன்களோடு சைக்கிளிலேயே பாதி ஆயுளைக் கழித்தவர். மேடு வந்தால் இறங்கித் தள்ளுவது அவர் கால்களுக்குப் பழக்கமாகிவிட்டது. கார் அப்படியில்லை, அதுவே ஏறும் என்று நான் எவ்வளவோ சொன்னேன். அவர் டயரைத் தடவிக்கொடுத்துவிட்டுச் சொன்னார்: "மேட்டுல சொகுசா உக்காந்துகிட்டு வர்றவன் மனுஷனா? வண்டிக்கும் மூச்சு வாங்கும்லப்பா."

மூன்றில் ஒரு பங்கு

அந்தப் பச்சைக் கார் மூன்று பேருக்குச் சொந்தம். கோவிந்தசாமி அண்ணன் ஒருவர். கேம்பல் லேனில் மாவு மில் வைத்திருந்த முத்தையா ஒருவர். மில்லுக்கு அடுத்த துணிக்கடை காதர் பாய் ஒருவர். எதிர்வரிசை நகைக்கடைக்காரர் கார் வாங்கிய மறுவாரமே, ஊர் திரும்பும் ஒரு வெள்ளைக்காரரிடமிருந்து மூவரும் சேர்ந்து அதை வாங்கினார்கள். வாங்கிய பிறகுதான் ஓட்ட யாருக்கும் தெரியாது என்பது பேச்சில் வந்தது. அப்படித்தான் நான் வேலைக்குச் சேர்ந்தேன். மில்லுக்கு மேலே ஓர் அறையும் கொடுத்தார்கள். அந்த அறையை நம்பித்தான் நான் மீனாட்சியைக் கல்யாணம் செய்துகொண்டேன்.

"முதலாளி" என்று கூப்பிட்டால் மூன்று தலைகள் திரும்பும். மூவரும் பின்சீட்டில்தான் உட்காருவார்கள். நடுவில் மாட்டியவர் முழங்கால்களை மோவாய்க்குக் கொடுத்துக்கொண்டு வருவார். வலது ஜன்னல் யாருக்கு என்பதில் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் மெல்லிய மனஸ்தாபம் உண்டு. முன்னால், என் பக்கத்து சீட்டில், அவர்களுடைய குடைகள் மட்டும் காற்றோட்டமாக உட்கார்ந்து வரும். ஒருநாள், யாராவது ஒருவர் முன்னால் வரலாமே என்று சொல்லிவிட்டேன். காதர் பாய் என்னை இரக்கத்தோடு பார்த்தார். "முன்னால உக்காந்தா பார்க்கிறவன் என்னா நினைப்பான் தம்பி? டிரைவரைக் கெஞ்சி ஓசியில ஏறிட்டு வர்றான்னுதானே நினைப்பான்?"

டயரை உதைப்பவர்கள்

காரை மில் வாசலில் நிறுத்தினால் போகிறவர் வருகிறவர் எல்லாரும் ஒரு டயரையாவது உதைத்துவிட்டுத்தான் போவார்கள். உதைத்தவருக்கு உடனே ஓர் அபிப்பிராயம் வந்துவிடும். பச்சைக் கார் பெட்ரோல் அதிகம் குடிக்கும் என்றார் ஒருவர். மழையில் பச்சை கண்ணுக்குத் தெரியாது, மரம் என்று நினைத்து யாராவது கீழே ஒதுங்குவார்கள் என்றார் இன்னொருவர். நான்கு கதவு ஆகாது, ஒவ்வொரு கதவும் ஒரு செலவு என்றார் முடிதிருத்துபவர். உதைத்தவர்களில் ஒருவரிடமும் கார் கிடையாது. கார் வைத்திருந்த நகைக்கடைக்காரர் மட்டும் எங்கள் காரை ஏறெடுத்தும் பார்க்கமாட்டார்.

முனையிலிருந்த தேத்தண்ணிக்கடைக்காரரும் ஒருநாள் வந்து முறைப்படி உதைத்தார். மூன்று முதலாளிகளும் வாசலில்தான் இருந்தார்கள். "காரு உங்களுது. காலு உங்களுது. ஓட்டுறதுக்கு மட்டும் என்னாத்துக்குலா தனியா ஓர் ஆளு?" என்றார். சொல்லிவிட்டு அவர் தேத்தண்ணி ஆற்றப் போய்விட்டார். இவர்கள் மூவரும் அன்று மத்தியானமே கூடிப் பேசினார்கள்.

முடிவை என்னிடம் மிகவும் மரியாதையாகச் சொன்னார்கள். மூவருக்கும் நானே கற்றுக்கொடுக்க வேண்டும். யார் முதலில் டெஸ்ட் பாஸ் செய்கிறாரோ அவர் மற்ற இருவரையும் வைத்து ஓட்டுவார். அதன் பிறகு எனக்கு வேலை இல்லை. அறை, மில் மூட்டைகளுக்கு. நன்றாகக் கற்றுக்கொடுத்தால் நல்ல பெயரோடு போகலாம் என்றார் முத்தையா. மாடிக்குப் போய் விஷயத்தைச் சொன்னேன். மீனாட்சி ஒரு சாக்கை உதறி, பித்தளைக் குடத்தை முதலில் உள்ளே இறக்கினாள். "நீங்க நல்லா சொல்லிக்குடுங்க. நீங்க சொல்லிக்குடுக்கிற வேகத்துக்கு நான் பாத்திரத்தைக் கட்டுறேன்."

தையலுக்கு விடுவது

காதர் பாய்க்குக் கண் கெட்டி. எந்த இடத்தையும் பார்த்தவுடனே கெஜக்கணக்கில் சொல்லிவிடுவார். இரண்டு லாரிகளுக்கு நடுவே காரை நுழைத்து நிறுத்தும் பாடத்தை இவர் ஒரே நாளில் கற்றுக்கொள்வார் என்று நினைத்தேன். சிராங்கூன் ரோட்டில் நல்ல இடமாகப் பார்த்துக் காட்டினேன். பாய் காரை நடு ரோட்டிலேயே நிறுத்திவிட்டு இறங்கிப் போய், இடத்தின் இரண்டு முனைகளையும் பார்த்தார். தரையில் குனிந்து விரலால் எதையோ கிள்ளிப் பார்த்தார். திரும்பி வந்து, பத்தாது என்றார்.

பத்தும் பாய், இன்னும் ஒரு முழம் மிஞ்சும் என்றேன். பின்னால் பஸ்காரன் ஹார்ன் அடித்துக்கொண்டிருந்தான். ஃபாரர் பார்க் வரைக்கும் போனோம். வழியில் நான் காட்டிய இடங்களையெல்லாம், வாடிக்கையாளர் கேட்கும் விலையைத் தள்ளுவதுபோல் சிரித்த முகத்தோடு தள்ளிக்கொண்டே வந்தார். கடைசியில் ஆள் நடமாட்டமே இல்லாத பெரிய திடலின் நடுவில் நிறுத்தினார். நாலு பக்கமும் கண்ணுக்கெட்டியவரை புல். அப்போதுதான் அவருக்கு மனம் ஆறியது. "துணி வெட்டுறதுன்னா சும்மாவா தம்பி? ரெண்டு பக்கமும் தையலுக்கு விட வேணாமா?"

ஓர் ஈடு

முத்தையாவுக்குக் கண் பிரச்சினை இல்லை. அவர் கண்ணைப் பயன்படுத்துவதே இல்லை. மில்லில் நின்று பழகியவர், எதையும் காதால்தான் பார்ப்பார். சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு தலையைச் சாய்த்து எஞ்சினைக் கேட்பார். மூன்றாவது கியருக்கு எப்போது மாற்ற வேண்டும் என்று நான் சொன்னதில்லை. "கொரகொரப்பு போயிடுச்சு, நைசா விழுது" என்று தானே மாற்றுவார். மூவரில் உண்மையாகவே ஓட்டக்கூடியவர் அவர் ஒருவர்தான் என்பது முதல் வாரத்திலேயே தெரிந்துவிட்டது. அன்று மாலை தோசைக்கல்லும் சாக்குக்குள் போயிற்று.

ஆனால் அவர் சிவப்பு விளக்குக்கு நிற்கமாட்டார். புக்கிட் தீமா ரோட்டுச் சந்திப்பில் மூன்று திசைகளிலிருந்தும் எங்களைத் திட்டினார்கள். மூன்று சக்கர டிரைஷா மிதிக்கும் ஒருவர் சீனத்திலும் மலாயிலும் மாறி மாறித் திட்டிவிட்டு, நாங்கள் எந்த மொழிக்காரர்கள் என்று சந்தேகம் வந்து தமிழிலும் ஒரு வார்த்தை சொன்னார். நான் காலைக் கையைப் பிடித்து, சிவப்பு என்றால் நிற்க வேண்டும் முதலாளி என்றேன். அவருக்கு உண்மையாகவே வருத்தம். "நல்லா ஓடிட்டிருக்கிறதைப் பாதி ஈட்டுல நிறுத்தச் சொல்றியே ராசு, எந்த மில்லுலயாவது நடக்குமா? மாவு நறநறன்னு போயிடும்பா."

கை காட்டுதல்

திரும்பும் பக்கத்தைக் காட்ட அந்தக் காரின் பக்கவாட்டில் சின்னதாகக் கை ஒன்று நீளும். வாங்கிய மாதமே அது ஒடிந்துவிட்டது. ஆகவே ஜன்னல் வழியாக நம் கையையே நீட்டிக் காட்ட வேண்டும். டெஸ்டிலும் அதைத்தான் முக்கியமாகப் பார்ப்பார்கள்.

கோவிந்தசாமி அண்ணன் கையை நீட்டியதும் கடைகளின் முன்னே ஓடும் ஐந்தடி நடைபாதையில் நின்ற ஓர் அம்மாள் கையை ஆட்டினார். அவர் வீட்டுக்கு அண்ணன் பால் ஊற்றுகிறவர். அண்ணன் காரை நிறுத்தினார். அதைப் பார்த்து இன்னொருவர் வந்தார். ரேஸ் கோர்ஸ் ரோட்டில் திரும்புவதற்குள் காரைச் சுற்றிச் சின்னக் கூட்டமே நின்றது. ஒருவர் நேற்று பால் தண்ணீராக இருந்தது என்று என்னிடம் புகார் சொன்னார்.

முத்தையா விஷயம் வேறு. கை காட்டுவதில் அவரை மிஞ்ச ஆளில்லை. தோளிலிருந்து விரல் நுனிவரை தராசுக் கம்பிபோல நேராக நீளும். மோதிரக் கல் வெயிலில் மின்னும். திரும்பி முடித்த பிறகும் கொஞ்ச தூரம் கை வெளியேதான் இருக்கும். சிவப்பு விளக்குக்கும் இப்போது நிற்கத் தொடங்கியிருந்தார். அதைவிட, பின்னால் வருகிறவர்கள் தம் கையைப் பார்த்து நிற்பது அவருக்கு மிகவும் பிடித்திருந்தது. மாடி ஜன்னலிலிருந்து இதைப் பார்த்துக்கொண்டிருந்த மீனாட்சி, நான் படியேறி வந்ததும் கேட்டாள்: "இவ்வளவு நேரா நீட்டச் சொல்லித்தான் ஆகணுமா?"

பட்டு ஜிப்பா

உட்லண்ட்ஸில் ஒரு கல்யாணம். ஜொகூர் பாலத்தைக் கடக்க யாரும் பாஸ்போர்ட் கேட்காத காலம், அந்தப் பக்கத்திலிருந்தும் நிறையப் பேர் வந்திருந்தார்கள். காதர் பாயிடம் கல்யாணத் துணி எடுத்தவர்கள் மூன்று முதலாளிகளையும் அழைத்திருந்தார்கள். டெஸ்டுக்கு முன் நல்ல பழக்கம் என்று முத்தையாவே ஓட்டினார். பட்டு ஜிப்பா, தங்கப் பொத்தான், புது அத்தர். பாயும் அண்ணனும் பின்சீட்டில் ஆளுக்கொரு ஜன்னலோடு விசாலமாக இருந்தார்கள். அவர் பக்கத்தில் இருந்து கற்றுக்கொடுக்க வேண்டியவன் என்பதால் குடைகளை மடியில் வைத்துக்கொண்டு முன்சீட்டில் நான். பந்தல் கண்ணில் பட்டதும் முத்தையா காரை ஓரம்கட்டி, ஓட்டப் பழகுகிறவர் என்று காட்டும் எல் பலகையைக் கழற்றச் சொன்னார். கௌரவமாகப் போய் இறங்க வேண்டும் என்று அவருக்கு ஆசை.

வாசலில் பெண்ணின் மாமா நின்றார். எங்கள் யாரையும் அவருக்குத் தெரியாது. பின்கதவைத் திறந்து பாய்க்கும் அண்ணனுக்கும் பன்னீர் தெளித்தார், சந்தனம் நீட்டினார். முன்பக்கம் வந்து எனக்கும் கதவைத் திறந்துவிட்டு, என்னைக் கணக்கப்பிள்ளை என்று எண்ணி, குடைகளை நீங்கள் தூக்கலாமா என்று வாங்கிக்கொண்டார். அதற்குப் பிறகு குனிந்து முத்தையாவைப் பார்த்து, வண்டியை ரப்பர் மரத்தடியில் போட்டுவிட்டுப் பின்பக்கமாகப் போய்ச் சாப்பிடு, டிரைவர்களுக்குத் தனிப் பந்தி ஓடுகிறது என்றார்.

பின்னால் இரண்டு கார்கள் ஹார்ன் அடித்தன. நான் திரும்பிப் பார்த்தபோது கார் மரத்தடியை நோக்கி மெதுவாகப் போய்க்கொண்டிருந்தது. திரும்பும் இடத்தில் கையும் சரியாக வெளியே வந்தது. பன்னீர்ச் செம்போடு நின்ற மாமா பக்கத்திலிருந்தவரிடம் வியந்து சொன்னார்: "டிரைவருக்கே பட்டு ஜிப்பா எடுத்துக் குடுத்திருக்காங்க பாத்தியா, முதலாளின்னா இப்படில்ல இருக்கணும்!"

வியாதிகள்

திரும்பி வரும்போது நான்தான் ஓட்டினேன். பின்னால் மூவரும் இடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். லைசென்ஸ் வாங்கியவர் மற்ற இருவருக்கும் டிரைவர் ஆகிவிடுவார் என்பது, இத்தனை வாரமாக யாருக்கும் தோன்றாமல் இருந்து, அந்தச் சாலையில் மூவருக்கும் ஒரே நேரத்தில் தோன்றியிருக்க வேண்டும்.

மறுநாள் காதர் பாய்க்குக் கண் மங்கிவிட்டது. எதிரில் இருப்பது லாரியா பஸ்ஸா என்றே தெரியவில்லை என்றார். வாடிக்கையாளர் கொண்டுவந்த துணியில் ஒரே ஒரு நூல் வித்தியாசமாக ஓடுவதை அன்றைக்கே கண்டுபிடித்துத் திருப்பிக் கொடுத்ததையும் நான் பார்த்தேன். கோவிந்தசாமி அண்ணனுக்கு இடது கால் மரத்துப்போயிற்று. கிளட்ச் மிதிக்கும் கால் அதுதான். அதே காலால் சைக்கிள் மிதித்து, தினமும் ஒரு போத்தல் கெட்டிப்பால் கொண்டுவந்து முத்தையாவுக்குக் கொடுத்தார். டெஸ்டுக்குத் தெம்பு வேண்டுமாம். பாய் தம் பங்குக்கு ஒரு சட்டைத்துணி வெட்டி அனுப்பினார்.

பாஸ் செய்தால் பால்காரருக்கும் துணிக்கடைக்காரருக்கும் டிரைவர். போகாமல் இருந்தால் பயந்துவிட்டான் என்று நகைக்கடைக்காரர் சிரிப்பார். முத்தையாவுக்கு ஒரே வழிதான் இருந்தது. டெஸ்ட் அன்று காலை மாடிப்படியில் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, மேட்டில் எஞ்சினை அணைத்துவிடப் போகிறேன், நீ அறையைக் காலி செய்ய வேண்டாம் என்றார். சோற்றுப் பானை ஒன்றைத் தவிர எல்லாம் சாக்குக்குள் போயிருந்த நேரம் அது. மீனாட்சி உள்ளேயிருந்து விபூதித் தட்டோடு வந்தாள். "நல்லபடியா தோத்துட்டு வாங்க முதலாளி."

டெஸ்ட்

டெஸ்டர் ஒரு மலாய்க்காரர். நரைத்த மீசை, கஞ்சி போட்ட சட்டை. முகத்தைப் பார்த்தாலே சுலபத்தில் பாஸ் போடமாட்டார் என்று தெரிந்தது. எனக்கு நம்பிக்கை வந்தது. பாயும் அண்ணனும் நானும் ஒரு மரத்தடியில் நின்றோம். அவர்கள் இருவரும் முத்தையா பாஸ் ஆக வேண்டும் என்று, ஒருவர் அல்லாவிடமும் ஒருவர் பெருமாளிடமும் வேண்டிக்கொண்டிருந்தார்கள். என் பக்கம் மீனாட்சியின் விபூதி மட்டும்தான்.

கார் மேட்டில் பாதி ஏறி நின்றது. அங்கே நிறுத்தி மறுபடி எடுக்கச் சொல்வார்கள், அதுதான் டெஸ்ட். எஞ்சின் ஒருமுறை திணறியது. அவ்வளவுதான், அணைந்துவிடும் என்று கண்ணை மூடிக்கொண்டேன். திணறல் அடங்கி, சத்தம் சீராக ஏறியது. கண்ணைத் திறந்தபோது கார் ஓர் அங்குலமும் பின்வாங்காமல் மேட்டின் தலைக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. "அணைக்கத்தான் போனேன் ராசு" என்று முத்தையா பிறகு சொன்னார். "அது மூச்சு முட்டுற சத்தம் கேக்குது. கேட்டுட்டு எப்படிப்பா சும்மா இருக்கிறது?" கையாவது காட்டாமல் திரும்பியிருக்கலாமே என்றேன். பின்னால் சைக்கிளில் ஓர் ஆள் வந்தாரே, அவருக்கு எப்படித் தெரியும் என்று என்னையே திருப்பிக் கேட்டார்.

டெஸ்டர் இறங்கி, கையெழுத்துப் போட்ட தாளை அவரிடம் நீட்டினார். அன்று காலையிலிருந்து முதல்முறையாகச் சிரித்தாராம். மலாயில் அவர் கேட்ட கேள்வி எங்கள் எல்லாருக்கும் நன்றாகவே கேட்டது: "ரொம்ப நிதானம். எத்தனை வருஷமா டிரைவர் வேலை பார்க்கிறே?"

வீடு திரும்புதல்

பாயும் அண்ணனும் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். பாய் என் தோளைத் தட்டி, எங்கே போனாலும் நீ பிழைத்துக்கொள்வாய் தம்பி என்றார். பிறகு இருவரும் விரைவாகப் பின்கதவுகளைத் திறந்து ஏறி, ஆளுக்கொரு ஜன்னலைப் பிடித்துக்கொண்டார்கள். டிரைவர் பக்கத்துக் கதவு திறந்தே கிடந்தது. நான் என் குடையை எடுத்துக்கொண்டு பஸ்ஸில் போகலாமா என்று யோசித்தபடி நின்றேன்.

முத்தையா தாளை நாலாக மடித்து ஜிப்பாப் பையில் வைத்தார். அதே பையிலிருந்து சாவியை எடுத்து, என் முகத்தைப் பார்க்காமல் என் கையில் வைத்தார். காரின் வலது பின்கதவைத் திறந்து, அதைப் பிடித்துக்கொண்டு நின்றார். பாய் கொஞ்ச நேரம் ஒன்றும் தெரியாதவர்போல எதிர்ப்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் நடுவுக்கு நகர்ந்து முழங்கால்களை மடக்கிக்கொண்டார்.

"அப்ப பேசுனது என்னாச்சு?" என்றார் கோவிந்தசாமி அண்ணன். "பாஸ் பண்ணவன் ஓட்டணும்னுதானே பேச்சு?"

முத்தையா கதவைச் சாத்தினார். "லைசென்ஸ் எனக்குக் குடுத்திருக்கான். உங்களை ஏத்திக்கிட்டுப் போகச் சொல்லி அதுல எங்கே இருக்கு?"

அன்றிலிருந்து அந்தக் காரில் ஓட்டத் தெரிந்தவர்கள் இரண்டு பேரானார்கள், ஆனால் முன்சீட்டில் வழக்கம்போலக் குடைகள்தான் உட்கார்ந்து வந்தன.

சிராங்கூன் ரோட்டில் அன்று நல்ல நெரிசல். கேம்பல் லேன் நெருங்கியது. வலப்பக்கம் திரும்ப வேண்டும். வேகத்தைக் குறைத்து, கையை நீட்ட ஜன்னல் பக்கம் திரும்பினேன். பின் ஜன்னலிலிருந்து ஒரு கை ஏற்கெனவே வெளியே வந்திருந்தது, தோளிலிருந்து விரல் நுனிவரை நேராக. பின்னால் வந்த லாரி நின்றது. நான் என் கையை உள்ளே இழுத்துக்கொண்டு காரைத் திருப்பினேன்.